ரயிலில் எழுதிய பேரும் வாசலில் போட்ட கோலமும்

2010 மே 17, திங்கட்கிழமை. பொழுது விடிவதற்குள் இரண்டு பேர் சிங்கப்பூரின் சாங்கி ரயில் பணிமனையின் வேலியை வெட்டி உள்ளே புகுந்தார்கள். அவர்கள் போன பிறகு ஓர் எம்ஆர்டி (நகர விரைவு) ரயிலின் பக்கவாட்டில் 'மெக்காய் பானோஸ்' என்ற சொற்கள் ஸ்ப்ரே பெயின்டில் பெரிதாக, பளிச்சென்று நின்றன. அன்றைக்கு அந்த ரயில் அப்படியே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. பார்த்த ஊழியர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்துவிட்டார்கள். மேடையில் நின்ற யாரோ ஒருவர் கைப்பேசியில் பிடித்து யூடியூபில் போட்ட பிறகுதான் ஊர் முழுக்கப் பேச்சானது.

அந்த வீடியோவை நானும் அலுவலகத்தில் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுசா ஏதாச்சும் சாக்லேட் வந்திருக்கும்லா" என்றார். அவர் சொன்னது எனக்கு இன்னமும் மறக்கவில்லை. வேலியை வெட்டிச் செய்த குற்றத்தையும் காசு கொடுத்துச் செய்த விளம்பரத்தையும் ஊழியர், பயணி, என் பக்கத்து மேசைக்காரர் என ஒருவராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரயிலின் உடம்பு முழுக்க வங்கி, பானம், தொலைபேசி என்று படம் ஒட்டி ஓட்டுவது நமக்குப் பழகிப்போயிருந்தது. வண்ணத்தைப் பார்த்துக் கண் சந்தேகப்படவில்லை. யார் அனுமதி கொடுத்தார்கள் என்பது ரயிலைப் பார்த்தால் தெரிகிற விஷயமும் இல்லை.

பிடிபட்டவர் சுவிட்சர்லாந்துக்காரர், வயது 32, கணினித் துறை ஆலோசகர். கூட இருந்த பிரிட்டிஷ்காரர் அதற்குள் நாட்டைவிட்டுப் போய்விட்டார். சுவிஸ்காரருக்கு முதலில் ஐந்து மாதச் சிறையும் மூன்று பிரம்படியும் விதித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். உயர் நீதிமன்றம் சிறையை ஏழு மாதமாகக் கூட்டியது. காவலில் கோட்டைவிட்டதற்காக ரயில் நிறுவனத்துக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் 50,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் போட்டது. மறு ஆண்டே பீஷான் பணிமனையில் இன்னொரு ரயிலில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை அபராதம் 200,000 வெள்ளி. 2014 நவம்பரில் அதே பீஷானில் மறுபடியும் நடந்தது. அப்போது சிக்கியவர்கள் இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள், இருபதைத் தாண்டி ஓரிரு வயது. மலேசியாவில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். 2015 மார்ச்சில் ஆளுக்கு ஒன்பது மாதச் சிறை, மூன்று பிரம்படி.

இவ்வளவு தூரம் விமானம் ஏறி வந்து, பிரம்படி கிடைக்கும் என்று தெரிந்தும், ஒருவன் ஏன் இன்னொரு நாட்டு ரயிலில் பேர் எழுத வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள நியூயார்க்குக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. மன்ஹாட்டனின் 183ஆம் தெருவில் குடியிருந்த கிரேக்கக் குடும்பத்துப் பையன் ஒருவன், கடிதமும் பொட்டலமும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காக ஊரெல்லாம் சுற்றும்போது, போகிற இடமெல்லாம் மார்க்கரால் 'டாக்கி 183' என்று எழுதிக்கொண்டே போனான். பேரும் தெரு எண்ணும், வேறெதுவும் கிடையாது. அதைப் பார்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தங்கள் பேரையும் தெரு எண்ணையும் எழுதத் தொடங்கினார்கள். சுவரைவிட ரயில் மேல் என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த வழியாக வருகிறவன்தான் பார்ப்பான். ரயிலோ பிராங்ஸில் எழுதிய பேரை புரூக்ளின் வரைக்கும் சுமந்துபோய்க் காட்டிவிட்டு வரும். தன் பேட்டையைத் தாண்டி எவருக்கும் தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு, கறுப்பினப் பிள்ளைகளுக்கும் போர்ட்டோ ரிக்கோக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், நகரம் முழுக்கத் தன் பேர் ஓடுவது சின்ன விஷயம் இல்லை.

அப்படியே அது வளர்ந்தது. ஒரு வீச்சில் போடும் கையெழுத்துக்கு டேக் என்று பேர். அதையே குண்டு எழுத்தாக நிரப்பினால் த்ரோ-அப். வண்ணம், நிழல், உருவம் எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் செய்தால் பீஸ். ஒரு பெட்டியை மேலிருந்து கீழ்வரை, முனையிலிருந்து முனைவரை மூடிவிட்டால் ஹோல் கார். 1977இல் லீ கினோனெஸும் கூட்டாளிகளும் பத்துப் பெட்டி ரயில் ஒன்றை முழுசாகவே வரைந்து முடித்தார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'ரைட்டர்' என்றுதான் சொன்னார்கள். ஆங்கிலத்தில் கேட்டால் வித்தியாசமாக இருக்கும். தமிழில் சித்திரம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம்; சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று பழமொழியே இருக்கிறது. எழுத்தும் ஓவியமும் ஒரே வினைச்சொல்லில் கிடப்பது நமக்குப் புதிதில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் குறியீடுகளோடு ஆள் பேரும் கீறியிருக்கிறது. 'குவிரன் ஆதன்' என்று ஒரு பேர். பானையில் பேர் கீறிய அந்தக் கையும் டாக்கியின் கையும் நெருங்கிய சொந்தம் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் இருக்கிறேன், இது என்னுடையது என்று சொல்லும் ஆசை இரண்டிலும் ஒன்றுதான்.

நியூயார்க் நகரம் பலதையும் செய்து பார்த்தது. பணிமனையைச் சுற்றி வேலி போட்டது, நாயை விட்டது, ரசாயனம் ஊற்றிக் கழுவியது. கடைசியில் பலித்தது வேறொரு வழி. 1984இல் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி வைத்தது: ஒரு பெட்டியைச் சுத்தம் செய்து ஓட்டத்தில் விட்டபின், அதன்மேல் பெயின்ட் பட்டால் கழுவும்வரை அது ஓடக் கூடாது. ராத்திரி முழுக்கக் கண்விழித்து வரைந்தவன் காலையில் பிளாட்பாரத்தில் காத்திருப்பான். அவன் ரயில் வராது. யாரும் பார்க்காத இடத்தில் பேர் எழுதி என்ன பயன்? 1989 மே 12 அன்று, கிராஃபிட்டி பூசிய கடைசி ரயிலை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் அறிவித்தது. 2010இல் சாங்கியில் நடந்தது இதற்கு நேர்மாறு. விளம்பரம் என்று நினைத்து ஓடவிட்டதால், வரைந்தவர்கள் எதற்காக வந்தார்களோ அது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது.

நியூயார்க்கில் கதவு சாத்தப்பட்டதால் ஆசை அடங்கிவிடவில்லை. ஐரோப்பாவுக்குப் போனது, பின்பு உலகமெங்கும். இன்று ரயிலில் மட்டும் எழுதும் ஒரு கூட்டம், நாடு நாடாகப் போய் எந்தெந்த நகரத்து மெட்ரோவில் எழுதினோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. ஓடும் ரயில் இப்போது அவர்களுக்கு முக்கியமில்லை, எப்படியும் சில மணி நேரத்தில் கழுவிவிடுவார்கள் என்று தெரியும். எடுத்துக்கொண்டு போகும் படமும் வீடியோவும்தான் சரக்கு. அந்தக் கணக்கில் சிங்கப்பூர் ஒரு பெரிய பரிசு. ரயில் அவ்வளவு சுத்தம், தண்டனை அவ்வளவு கடுமை. மற்றவரை நிறுத்துகிற பிரம்பே இவர்களை இழுக்கிறது.

எனக்கு இவர்கள்மேல் பரிவு வரவில்லை. பிராங்ஸ் பையன் தன் ஊர் ரயிலில் எழுதினான், அந்த ஊர் அவனைக் கண்டுகொள்ளாததால் எழுதினான். பீஷானுக்கு விமானத்தில் வந்தவர்களுக்கு இந்த ஊரோடு என்ன வழக்கு? அந்த ரயிலைக் காலையில் தேய்த்துக் கழுவும் வேலை யார் தலையில் விழும் என்று நினைத்துப் பார்த்திருப்பார்களா? ராத்திரி வேலைக்குப் போகும் கூட்டத்தோடு பயணம் செய்து பழகியவர்களுக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது.

ஆனாலும் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். நாசவேலைச் சட்டம் 1966இல் வந்தது, நாடு தனியாகி ஓராண்டு ஆகியிருந்த நேரம். ரயில் கிராஃபிட்டி என்ற ஒன்றே அப்போது உலகத்தில் இல்லை. எம்ஆர்டி ஓடத் தொடங்கவே இன்னும் 21 ஆண்டு இருந்தது. அன்றைக்கு அரசின் கண்ணை உறுத்தியவை அரசியல் முழக்கங்கள். சுவரில் எழுதுவார்கள், ஒட்டுவார்கள், அழித்தால் மறுநாள் மீண்டும் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் தேர்தலுக்கு வெகுமுன்பே சுவரைப் பிடித்துக் கட்சிப் பேரெழுதி வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. இதற்குத்தான் பிரம்படி வந்தது. 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு மூன்று முதல் எட்டுப் பிரம்படி. 1994இல் கார்களில் பெயின்ட் அடித்த வழக்கில் சிக்கிய அமெரிக்க இளைஞனுக்கு ஆறு பிரம்படி விதித்து, அமெரிக்க அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்டபின் நாலாகக் குறைத்தபோது, இந்தச் சட்டம் உலகத்துக்கே தெரிந்துபோனது.

அதே சட்டத்துக்குள் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. பென்சிலாலோ, கிரேயானாலோ, சாக்பீஸாலோ, அழியக்கூடிய வேறெதனாலோ எழுதியிருந்து, அதுவே முதல் குற்றமாகவும் இருந்தால் பிரம்படி கிடையாது. பெயின்ட், தார் போல அழியாத பொருளால் எழுதினால்தான் பிரம்படி. சாக்பீஸில் எழுதினாலும் குற்றம் குற்றம்தான். அபராதமோ சிறையோ வரலாம். ஆனால் துடைத்தால் போகிற எழுத்தையும் போகாத எழுத்தையும் சட்டம் ஒரே தராசில் வைக்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் மாடியில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெரியம்மாவின் கோலம்தான் நினைவுக்கு வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் தாழ்வாரம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் பொது. தை முதல் நாள் விடியலில் அவர் கதவுக்கு வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏழு புள்ளி வரிசை வைத்து, அரிசி மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒழுகவிட்டுச் சிக்குக்கோலம் போடுவார். கோடு ஒரு புள்ளியைச் சுற்றி வளைந்து, தன்னையே தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தன் தள்ளுவண்டியைச் சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டு போவார். ஒரு வருடம் காலை எட்டு மணிக்கே கூட்டிப் பெருக்கும் ஆள் வந்து மொத்தத்தையும் தண்ணீர் விட்டுத் தள்ளிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "நகர மன்றத்துல சொல்லலாம் பெரியம்மா" என்றேன். "அட விடும்மா, போட்டது போட்டாச்சு. எறும்பு தின்னாலும் போறதுதானே. மறுபடி போட்டுக்கலாம்" என்று மாவு டப்பாவை மூடினார்.

பொது இடத்தில், யாரிடமும் கேட்காமல், தன் வீட்டின் இருப்பை ஊருக்குச் சொல்லும் ஓவியம். ரைட்டர் செய்வதும் அதுதானே. ஆனால் கோலத்தில் பேர் இல்லை. பார்க்கிறவர்களுக்குத் தெரியும் யார் கை என்று. மறுநாள் இருக்க வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை.

நியூயார்க்கிலும் சாக்பீஸ்காரர் ஒருவர் இருந்தார். 1980களின் முதல் பாதியில் கீத் ஹேரிங், சுரங்க ரயில் நிலையங்களில் காலாவதியான விளம்பரங்களை மூடிக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்த இடங்களைத் தேடிப் பிடித்து, வெள்ளைச் சாக்பீஸால் தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஆடும் மனிதர்கள் என்று வரைந்தார். தாளில் சாக்பீஸ், சுவருக்குச் சேதமில்லை. அப்படியும் போலீஸார் பலமுறை பிடித்தார்கள். பின்னாளில் அதே கோடுகளை அருங்காட்சியகங்கள் வாங்கின. விளம்பரம் வாடகை கொடுக்காத இடைவெளியில்தான் அவர் வரைந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சாங்கி ரயிலை விளம்பரம் என்று நம்பியவர்களுக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ ஒரு பொருத்தம் இருக்கிறது.

கிராஃபிட்டியைத் துரத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், 1985இல், நியூயார்க் ரயில் நிர்வாகம் நிலையங்களில் கலைப்படைப்புகள் வைக்கும் திட்டத்தையும் ஆரம்பித்தது. ஒரு கை அழித்தது, மறு கை வரையச் சொன்னது. சிங்கப்பூரில் இரண்டுக்கும் நடுவில் அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம், 2003 ஜூனில் வடக்கு கிழக்குப் பாதை திறந்தபோது, ஒவ்வொரு நிலையத்திலும் உள்ளூர்க் கலைஞரின் படைப்பு இருக்கும்படி செய்தது. கட்டிமுடித்த பிறகு மாட்டிய படம் இல்லை. நிலையம் வரைபடமாக இருக்கும்போதே கலைஞரும் கட்டடக்காரரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கிளார்க் கீயில் சுவா ஏக் கேயின் ஆற்றங்கரை, சைனாடவுனில் டான் சுவீ ஹியானின் படைப்பு என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கை.

லிட்டில் இந்தியா நிலையத்துக்கு வரைந்தவர் எஸ். சந்திரசேகரன். 1988இல் கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகியோரோடு சேர்ந்து 'திரிமூர்த்தி' என்ற கண்காட்சி நடத்தியவர். மூன்று இனத்து இளைஞர்கள் தத்தம் மரபிலிருந்து கலையைத் தேடிய அந்தக் கண்காட்சி, இந்நாட்டுக் கலை வரலாற்றில் ஒரு திருப்பம். லிட்டில் இந்தியா நிலையத்தில் அவர் வைத்தது, கடந்த கால நினைவுகள் என்று பொருள்படும் தலைப்பில், இந்திய நாட்டார் ஓவிய மரபைத் தழுவிய படைப்பு. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போகிறார்கள். நின்று பார்ப்பவர் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் யாருக்காகவோ காத்திருக்கும் தம்பிகள் அதில் சாய்ந்துகொண்டு ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பொதுக் கலை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். சாய்ந்துகொள்ளக்கூட இடம் கொடுக்க வேண்டும்.

மேலே தெருவுக்கு ஏறி வந்தால் சுவரெல்லாம் ஓவியம். 2015 முதல் லாசால் கலைக் கல்லூரியும் பயணத்துறைக் கழகமும் சேர்ந்து லிட்டில் இந்தியாவில் வரையவைத்தவை அவற்றில் நிறைய. பெலிலியோஸ் சந்தில் சைஃபூல் என்ற கலைஞர் வரைந்த பெரிய சுவரில், பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி, கிளி ஜோசியர், கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகை) விற்பவர், பால்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய், உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே மாடு கட்டிப் பால் கறந்தார்கள் என்று காட்டியிருக்கிறேன். எவர்ட்டன் ரோட்டிலும் தியோங் பாருவிலும் இப் இயூ சோங் வரைந்தவற்றின் முன்னாலும் இப்படியே கதை சொல்லும் குடும்பங்களைப் பார்க்கலாம். அவர் கணக்காளராக இருந்து ஓவியரானவர். தன் சின்ன வயது நினைவுகளைத் தானே வரைந்ததால் அந்தச் சுவர்களில் ஒரு சூடு இருக்கிறது.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அனுமதியோடு எழும் நம் சுவர்களில் பெரும்பாலானவை நேற்றைப் பற்றியே பேசுகின்றன. கிளி ஜோசியர் போய்விட்டார், மாட்டுக்கொட்டகை போய்விட்டது, அதனால் அவற்றை வரைவதில் யாருக்கும் சங்கடமில்லை. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், பாதுகாக்கப்பட்ட கடைவீடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நெறிமுறைகளைப் பார்க்க வேண்டும், பணம் கொடுப்பவருக்குப் பிடிக்க வேண்டும். இத்தனை பேர் தலையாட்டக்கூடிய படம் எது என்று யோசித்தால் கடைசியில் கிளிதான் வரும். அதே சந்தில் ஞாயிற்றுக்கிழமை நின்று படம் எடுத்துக்கொள்ளும் கட்டுமானத் தொழிலாளியை, இன்றைக்குச் சுரங்கம் தோண்டிக் கம்பி கட்டுகிறவரைச் சுவரில் காண்பது அரிது. அவர் இன்னும் நேற்றாகவில்லை.

இன்றைப் பற்றிப் பேசிய ஒரு சுவடு 2012இல் வந்தது, ஆனால் அது சுவரிலும் இல்லை, அனுமதியோடும் இல்லை. மேக்ஸ்வெல் ரோடு, ராபின்சன் ரோடு பக்கம் தார் ரோட்டின்மேல் 'மை கிராண்ட்ஃபாதர் ரோடு' என்று அச்சுவெட்டிப் பெயின்ட் அடித்திருந்தது. தமிழில் சொன்னால் 'என்ன, உங்க தாத்தா வீட்டு ரோடா?' குறுக்கே நடப்பவரைப் பார்த்து டாக்சி ஓட்டுநர் திட்டுகிற திட்டு. பாதசாரி விளக்கின் பொத்தான்களில் 'ஷியோக் (சுகம்) ஆகும்வரை அமுக்கு' என்கிற மாதிரி, சிங்லிஷ் என்னும் நம்மூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் ஸ்டிக்கர்கள். பார்த்தவர்கள் சிரித்தார்கள், நம்ம பேச்சு ரோட்டில் கிடக்கிறதே என்ற சந்தோஷம். செய்தவர் சமந்தா லோ என்ற இளம் கலைஞர். கைதானார். நல்லவேளையாக நாசவேலைச் சட்டத்தின்கீழ் வழக்கு வரவில்லை. குறும்புச் சேதம் என்ற லேசான குற்றச்சாட்டுகளில் 2013 மே மாதம் 240 மணி நேரச் சமூக சேவை தண்டனையாக வந்தது. அதே 2013இல் ஸீரோ என்ற பேரில் இயங்கும் தெருக்கலைஞர் ஸுல்கர்னைன் ஓத்மானுக்குத் தேசியக் கலைகள் மன்றம் இளங்கலைஞர் விருது கொடுத்தது. ஸ்ப்ரே டப்பா அரசு விருதுக்கும் போகும், நீதிமன்றத்துக்கும் போகும் என்பது ஒரே வருடத்தில் தெளிவானது. கம்போங் கிளாமின் சந்துகளில் இன்று பளபளக்கும் சுவர்களுக்கு அந்த வருடம் ஒரு தொடக்கம் என்று சொல்லலாம்.

நம் சமூகத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017 மார்ச் மாதம், ஜாலான் ராஜாவில் 103ஆம் புளோக்கின் 20ஆம் மாடிப் படிக்கட்டுக்குப் பிரியகீதா தியா தங்கநிறத் தாள் ஒட்டினார். அப்போது கலைக் கல்லூரி மாணவி. அவர் குடியிருந்த புளோக். சாம்பல் சிமெண்டுப் படிகள் கோயில் கலசம் போல மின்னின. படங்கள் பரவின. அனுமதி இல்லாமல் செய்தது என்று நகர மன்றம் சொன்னது. பின்பு தாள்கள் அகற்றப்பட்டன. அவர் அங்கே பேர் எழுதவில்லை, யாரையும் திட்டவில்லை. தினமும் ஏறி இறங்கும் படியை ஒரு தடவை நின்று பார்க்கவைத்தார், அவ்வளவுதான். பெரியம்மாவின் கோலத்துக்கும் அந்தப் படிக்கட்டுக்கும் நான் அதிக தூரம் பார்க்கவில்லை. பின்னாளில் அவர் கொச்சி-முசிறி பியனாலே என்ற கலைவிழா வரை போனார். தோட்டக்காட்டுத் தமிழ் உழைப்பாளிகளின் வரலாற்றை இன்று கணினி உயிரூட்டத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார். ஒரு படிக்கட்டில் ஆரம்பித்த கை அது.

ரயிலில் பெயின்ட் அடிக்க விட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ரயிலுக்கு வெளியே சட்டத்துக்குட்பட்ட சுவர்களும் இல்லாமல் இல்லை. 2011இல் மலாயா ரயில் நின்றுபோன பிறகு காலியான பாதையில், காமன்வெல்த் அவென்யூ பாலத்துக்கு அடியில் கிராஃபிட்டிக்காரர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். ரயில் ஓடிய இடத்தில் ரயில் ஓவியம் எழுதக் கிடைத்தது. சோமர்செட்டிலும் இளையர்களுக்குச் சுவர் இருந்திருக்கிறது. ஆனால் இவையெல்லாம் தேடிப் போக வேண்டிய இடங்கள். தமிழ் எழுத்தைக் கிராஃபிட்டியாகப் பழகும் பிள்ளைகளுக்கு, 'ழ'வின் வாலையும் 'ண'வின் சுழிகளையும் இழுத்து வளைத்துப் பார்க்க நினைக்கிற பிள்ளைகளுக்கு, வீட்டுப் பக்கத்திலேயே தவறு செய்து பழக ஒரு சுவர் வேண்டும். அழிந்துபோகப் போகிற சுவராக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்ட சுவர் ஊர் முழுக்க இருக்கிறது. குறுக்குத் தீவு ரயில்பாதையின் முதல் கட்டத்தை 2030இல் திறக்கத் திட்டமிட்டு, 29 கிலோமீட்டருக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 12 நிலையம். ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே தகரத் தடுப்பு, வருடக்கணக்கில் நிற்கும். நிலையம் திறந்த அன்று பிரித்து எடுத்துவிடுவார்கள். அதன் வெளிப்பக்கத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் எவர் சொத்துக்கும் நட்டமில்லை. படத்தை முன்கூட்டியே பத்துப் பேரிடம் காட்டி ஒப்புதல் வாங்கச் சொல்லாமல், ஆபாசமும் வெறுப்பும் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மேலே இன்னொருவர் வரையட்டும். ரயில் எழுத்துக்காரர்கள் ஐம்பது வருடமாகப் பணிமனை வேலிக்குள் தேடுகிற காரியம், இங்கே வேலியின்மேலேயே நடக்கும்.

போன மாதம் அப்படி ஒரு தடுப்பைச் சுற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். லாரி வெளியே வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்பக்கத் தகரத்தில், மண்வெட்டிகள் சாத்தியிருந்த இடத்துக்குச் சற்று மேலே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வெள்ளைச் சாக்பீஸில் தமிழ் எழுத்து. முருகேசன், அதற்குக் கீழே மணமேல்குடி, அதற்கும் கீழே ஒரு தேதி. மழைச் சாரலில் 'டி'யின் மேல்வளைவு பாதி கரைந்திருந்தது. லாரி வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள்.